மனம் அமைதியாகவில்லையே! யோகா வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடம்பு குறைய வேண்டும், முதுகுவலி போக வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும் என்று யோகா வகுப்புக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம். "மனசு நிம்மதியா இல்ல, அதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இது இரண்டாவது வகையினருக்காக எழுதியது. வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் கீழே இருக்கின்றன. சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு இரண்டு வரியே போதும்.

யோகா செய்தால் மனம் அமைதியாகும் என்கிறார்களே, உடம்புக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

மணிக்கட்டில் நாடி தெரியும் இடத்தில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், விடும்போது தளர்வதும் விரலுக்கே தெரியும். இளவயதினருக்கு இது தெளிவாகத் தெரியும். வயது ஏற ஏற மங்கலாகத்தான் தெரியும்.

இதயத்துடிப்பு, செரிமானம், வியர்வை எல்லாவற்றையும் நம்மைக் கேட்காமலே நடத்துவது தானியங்கி நரம்பு மண்டலம். அதில் பரிவு நரம்புகள் ஆபத்துக் காலத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்துகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் ஓய்வையும் செரிமானத்தையும் பார்த்துக்கொள்கின்றன. மூளையிலிருந்து இதயம், வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு இந்த இரண்டாவது அணியின் முக்கிய ஆள். மூச்சை விடும்போது அதன் கை ஓங்குகிறது. அதனால்தான் துடிப்பு தளர்கிறது.

நம் விருப்பத்துக்கு இதயத்தை மெதுவாக்க முடியாது. குடலை அடக்க முடியாது. ஆனால் மூச்சு, தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை 6 முறை அளவுக்குக் கொண்டுவந்தால் இதயமும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்துக்கு இசைந்து வருவதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. யோகாவின் அடிப்படை நூலான யோக சூத்திரத்தில் அதை எழுதிய பதஞ்சலி, மனம் சிதறிப்போனதன் அடையாளங்களாக நான்கைச் சொல்கிறார்: துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீர்கெட்ட மூச்சு. மனம் கெட்டால் மூச்சு கெடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. யோகா அதே பாதையில் திரும்பி நடக்கிறது, அதாவது மூச்சைச் சரிசெய்து மனதுக்குப் போகிறது.

இது முதல் நாளே கிடைக்கும் அமைதி. வகுப்பு முடிந்து வண்டியை எடுத்து, சிக்னலில் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கும் வரை நிற்கும். அதற்குமேல் நிற்க வேண்டுமானால் மீதிக் கேள்விகளையும் படியுங்கள்.

ஆசனங்கள் செய்வதுதானே யோகா?

யோக சூத்திரத்தில் மொத்தம் 196 சூத்திரங்கள். ஒன்று குறைத்து 195 என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அவற்றில் ஆசனம் பற்றிப் பேசுபவை மூன்றே மூன்று. அதிலும் எந்த ஆசனத்தின் பெயரும் இல்லை. உறுதியாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. பதஞ்சலி சொல்லும் யோகாவின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. முதல் இரண்டு, இயமமும் நியமமும். தீங்கு செய்யாமை, உண்மை, திருடாமை, புலனடக்கம், தேவைக்குமேல் சேர்க்காமை ஆகியவை இயமம். தூய்மை, போதுமென்ற மனம், தவம், தன்னைக் கற்றல், இறைவனிடம் ஒப்படைத்தல் ஆகியவை நியமம். திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே எட்டை இதே வரிசையில்தான் வைக்கிறார்.

அப்படியானால் இன்று எங்கு பார்த்தாலும் ஆசனமாக இருப்பது எப்படி? 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகை என்ற நூலிலேயே விளக்கமாகச் சொல்லப்படும் ஆசனங்கள் 15தான். 1930களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள், இளைஞர்கள். அவர்களுக்கு ஏற்றபடி துள்ளலும் வேகமுமாக ஆசனத் தொடர்கள் அமைந்தன. அவரிடம் படித்த பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி மூவரும் உலகம் முழுக்க யோகாவைக் கொண்டுபோனார்கள். அப்புறம் புகைப்படமும் வீடியோவும் வந்தன. காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வைத்தால் படம் எடுக்கலாம். கோபத்தை விழுங்காமலும் கொட்டாமலும் ஒருவர் உட்கார்ந்திருப்பதை எப்படிப் படம் எடுப்பது?

ஆசனம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதுகு நிமிர்ந்து அரைமணி நேரம் வலியில்லாமல் உட்கார முடியாதவருக்குத் தியானம் கால் மரத்துப்போவதோடு நின்றுவிடும். ஆனால் மன அமைதிக்காக வந்தவர் ஆசனத்தோடு நின்றுவிட்டால் வந்த வேலை முடியாது.

கண்ணை மூடி உட்கார்ந்தால் எண்ணங்கள் இன்னும் அதிகமாகின்றன. எனக்குத் தியானம் வராதோ?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எண்ணம் கூடவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது இப்போதுதான் காதில் விழுகிறது. மின்விசிறியை அணைத்தால் பக்கத்து வீட்டு டிவி கேட்கிறதே, அது போல.

உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிலிண்டர் பதிவு செய்தோமா என்று ஒரு எண்ணம். பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று இன்னொன்று. அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் பந்தியில் வைத்துச் சொன்ன ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு நாம் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று முழு வசனமும் மனதில் தயாராகிறது. அவர் திருப்பி என்ன சொல்வார், அதற்கு நம் மறுபதில் என்ன என்பதுவரை போகிறது. இதற்கிடையில் தாடை இறுகியிருக்கும். தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கும். மூச்சு மேல்நெஞ்சில் மட்டும் ஓடும்.

"அட, தாடையைக் கடித்துக்கொண்டிருக்கிறேனே" என்று தெரிய வருகிறதே, பயிற்சி அங்கேதான் இருக்கிறது. தெரிந்ததும் தாடையைத் தளர்த்தி மூச்சுக்குத் திரும்புங்கள். இரண்டு நிமிடத்தில் மறுபடி மைத்துனர் வருவார். மறுபடி திரும்புங்கள். இப்படி இருபது முறை போய் இருபது முறை திரும்பியிருந்தால் அன்றைய பயிற்சி நன்றாக நடந்தது என்றுதான் நான் சொல்வேன். பலர் அதைத் தோல்வி என்று நினைத்து எழுந்துவிடுகிறார்கள்.

ஒரு பிடிமானம் வேண்டுமென்றால், வெளிமூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். விட்டுப்போனால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நம்மை நாமே திட்டிக்கொள்ளத் தேவையில்லை. அதுவும் ஒரு எண்ணம்தான். எட்டு அங்கங்களில் தாரணை முன்னால் வருகிறது, தியானம் அதற்குப் பின்னால்தான். ஒன்றில் மனதை நிறுத்தப் பழகுவது தாரணை. வீட்டில் நாம் செய்வது பெரும்பாலும் இதுதான். தியானம் வரவில்லையே என்று ஏங்குபவர்கள் இதைப் பழகிக்கொண்டிருந்தால் போதும்.

உட்காரவே முடியாத அளவுக்குப் படபடப்பு இருந்தால் நடங்கள். இருபதடி நீளம் உள்ள மொட்டை மாடி போதும். குதிகால் படுவது, விரல் படுவது, திரும்புவது என்று கவனித்துக்கொண்டே நடக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு மூச்சுப் பயிற்சி சொல்லுங்கள்.

சரி, ஒன்றே ஒன்று. நாற்காலியில் சற்று முன்தள்ளி உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பட வேண்டும். ஒரு கையைத் தொப்புளின் மேல் வையுங்கள். மூக்கால் இழுங்கள், மனதுக்குள் நான்கு எண்ணுங்கள். கை லேசாக முன்னே தள்ளப்பட வேண்டும். தோள் தூக்கக் கூடாது. பிறகு மூக்காலேயே விடுங்கள், ஆறு எண்ணுங்கள். கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் செய்யலாம்.

இதில் எல்லோரும் இடறுவது வெளிமூச்சின் கடைசியில். நான்காவது எண்ணிக்கையிலேயே காற்று தீர்ந்துபோய், மீதி இரண்டுக்கு வயிற்றை இறுக்கிப் பிடிப்பார்கள். அப்படியானால் எண்ணிக்கை உங்களுக்குப் பெரிது. மூன்றுக்கு நான்கு என்று குறைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மூச்சு பதறிக்கொண்டு உள்ளே வந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். தலை கிறுகிறுத்தால் எண்ணுவதை விட்டுவிட்டு வழக்கமான மூச்சுக்கு வந்துவிடுங்கள்.

மூச்சை உள்ளே அடக்கி நிறுத்தும் கும்பகத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தனியாகச் செய்ய வேண்டாம். காற்றைப் பிடிக்கும் கணக்கு அறிந்தவர் இல்லையே என்று திருமூலரே அங்கலாய்க்கிறார். அந்தக் கணக்கை நேரில் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

எந்த நேரத்தில், எவ்வளவு நேரம்?

காலை நல்லது, காரணம் எளிது: யாரும் போன் செய்ய மாட்டார்கள். வீட்டில் குக்கர் விசில் தொடங்குவதற்கு முன் முடித்துவிடலாம். முடியாதவர்கள் மாலையில் செய்யட்டும். பிரம்ம முகூர்த்தத்தில் எழ முடியவில்லை என்பதற்காக யோகாவையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அநியாயம். தினமும் இருபது நிமிடம் செய்வது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் செய்வதைவிட நன்றாக வேலை செய்யும். நீண்ட காலம், இடைவிடாமல், அக்கறையோடு என்று மூன்று நிபந்தனைகள் பதஞ்சலி வைக்கிறார். அதில் ஒரு நாளைக்கு எத்தனை மணி என்ற பேச்சே இல்லை.

சாப்பிட்டுவிட்டுச் செய்யலாமா? காபி?

முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரமாவது போகட்டும். காலையில் அரை டம்ளர் காபி குடித்துவிட்டு வந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.

எனக்கு 60 வயது தாண்டிவிட்டது. குனிந்தால் முழங்காலைக்கூடத் தொட முடியாது. இனிமேல் முடியுமா?

முழங்காலைத் தொடுவதால் யாருக்கும் ஞானம் வந்ததாகத் தெரியவில்லை.

மைசூரில் சிறுவர்களைத் துள்ள வைத்த அதே கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்கு வந்தபின் பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் கற்றுக்கொடுத்தார். வந்தவரின் வயது, நோய், வேலை, மனநிலை பார்த்துப் பயிற்சி அமைந்தது. மனிதருக்கு ஏற்றபடி யோகா வளைய வேண்டும் என்பது அந்த மரபின் அடிப்படை. அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் இதே வழியில் நடந்தது. கிருஷ்ணமாச்சாரியார் நூறு வயதுவரை வாழ்ந்து 1989இல் மறைந்தார். புனேயில் ஐயங்கார் கயிறு, கட்டை, நாற்காலி, போர்வை என்று வீட்டுச் சாமான்களையே துணைக்கு வைத்து, உடம்பு ஒத்துழைக்காதவர்களையும் ஆசனத்தில் நிறுத்தினார். சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடிபட்டவர் என்பதால் பலவீனமான உடம்பின் கஷ்டம் அவருக்குத் தெரியும்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளை மூச்சோடு சேர்த்து ஏற்றி இறக்குவது, இடுப்பைத் திருப்புவது, சுவரைப் பிடித்து நிற்பது என்று ஆரம்பியுங்கள். வகுப்பில் வீரபத்ராசனத்தில் நிற்கும் முப்பது வயதுக்காரர் பல நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, எப்போது விடுவார்கள் என்று நிற்கிறார். பக்கத்தில் நாற்காலியில் இருக்கும் அம்மா கையை ஏற்றும்போது இழுத்து, இறக்கும்போது விட்டு, முகம் தளர்ந்து இருக்கிறார். இருவரில் யார் யோகா செய்கிறார் என்று என்னைக் கேட்டால் அந்த அம்மாவைத்தான் காட்டுவேன்.

யார் எதைத் தவிர்க்க வேண்டும்?

கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களை விட்டுவிட வேண்டும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், டிஸ்க் பிதுங்கியவர்கள் முன்னால் குனியும் ஆசனங்களில் வேகம் காட்டக் கூடாது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுகள் கர்ப்பிணிகளுக்கும், இதயநோய், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களுக்கும், வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து அதிக நாள் ஆகாதவர்களுக்கும் வேண்டாம். முழங்கால் வலி இருந்தால் வஜ்ராசனம் கட்டாயமில்லை.

சந்தேகம் இருந்தால் கேட்பதற்கு இடம் இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று தனிப் பிரிவும் உண்டு. அங்கே பார்ப்பவர்கள் ஐந்தரை வருடம் படித்த மருத்துவர்கள்.

எனக்குக் கோபம் அதிகம். யோகாவால் குறையுமா?

மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தால் கோபம் வரும் வேகம் கொஞ்சம் குறையும். கோபத்தின் வேர் அப்படியே இருக்கும். வேரைப் பார்க்க வேண்டுமானால் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும், பேனாவும் தாளுமாக.

தமிழ்நாட்டில் இதற்கு நல்லதொரு முறை இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி உருவாக்கிய மனவளக்கலையில், உடற்பயிற்சி, தவம் இவற்றோடு அகத்தாய்வு என்று ஒரு பகுதி உண்டு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என்று அது போகும். ஆசையை ஒழி என்று சொல்லாமல் சீரமை என்று சொன்னது எனக்குப் பிடித்த விஷயம். வீடு வாசல் உள்ளவர்களை மனதில் வைத்துச் சொன்ன பேச்சு. ஊர் ஊராக இருக்கும் மனவளக்கலை மன்றங்களில் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

நீங்களே இன்று இரவு ஒரு சோதனை செய்து பாருங்கள். போன வாரத்தில் யார் யார் மீது கோபம் வந்தது என்று எழுதுங்கள். பக்கத்தில், என்ன எதிர்பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். பட்டியலில் வெளியாட்கள் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். மனைவி, மகன், அம்மா, கீழே வேலை செய்பவர் என்று, நம்மைத் திருப்பி அடிக்க முடியாதவர்களின் பெயர்கள்தான் வரிசையாக வரும். மேலாளர் மீது வந்த கோபம் அலுவலகத்தில் வாயைத் திறக்கவில்லை, வீட்டுக்கு வந்து சாம்பாரில் உப்பில்லை என்று பேசியது. இதை எழுத்தில் பார்ப்பது சுகமான அனுபவம் இல்லை. ஆனால் நூறு சூரிய நமஸ்காரம் சொல்லாததை இந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

இரண்டாவது, மற்றவர்களிடம் எப்படி இருப்பது என்பதற்கு யோக சூத்திரம் தரும் நான்கு குணங்கள். நன்றாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் இரக்கம், நல்லது செய்பவரிடம் மகிழ்ச்சி, கெட்டது செய்பவரிடம் மனதைக் கொடுக்காமை. இப்படி இருந்தால் மனம் தெளியும் என்கிறார் பதஞ்சலி. முதலாவது எளிது போலத் தோன்றும். கூட வேலை செய்பவருக்குப் பதவி உயர்வு வந்த அன்று செய்து பாருங்கள், சிரசாசனத்தைவிடக் கடினம்.

அமைதியாக இருப்பது என்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போவதா?

இல்லை. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அடிக்கிற கணவரையும் ஏமாற்றுகிற முதலாளியையும் சகித்துக்கொள்வதற்காக யாரும் யோகா கற்க வேண்டியதில்லை. தீங்கு செய்யாமை என்ற முதல் இயமம் உங்களுக்கும் சேர்த்துத்தான். நெஞ்சு படபடக்காமல், குரல் உடையாமல் "இது சரியில்லை" என்று சொல்ல முடிவது யோகா தரக்கூடிய பலன்களில் ஒன்று. வீட்டில் வன்முறை இருந்தால் முதல் வேலை பெண்கள் உதவி எண் 181ஐ அழைப்பது. பிராணாயாமம் அப்புறம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். யோகா தொடங்கிவிட்டேன், மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. குறைப்பதா, நிறுத்துவதா என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கக் கேடு, பழைய நிலை திரும்புதல் என்று பல தொல்லைகள் வரும். யோகா துணையாக நிற்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில்கூட அதைச் சிகிச்சையோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். மாத்திரையை விட்டுவிட்டு என்னிடம் வா என்று எந்த யோகா ஆசிரியராவது சொன்னால் அந்த வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பேசக்கூட ஆள் இல்லை, எதுவும் வேண்டாம் போலிருக்கிறது என்ற நிலையில் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

சவாசனத்தில் படுத்திருக்கும்போது அழுகை வருகிறது. சிலர் ஒளி தெரிகிறது என்கிறார்கள். இதெல்லாம் என்ன?

அழுகை பலருக்கும் வரும். நாளெல்லாம் இழுத்துப் பிடித்திருந்தது தளரும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது. துடைத்துக்கொண்டு படுத்திருங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் பழைய பயங்கரமான சம்பவங்கள் கண்முன் வந்து உடம்பு நடுங்கினாலோ, பயிற்சிக்குப் பிறகு நாள்கணக்கில் தூக்கம் வராவிட்டாலோ, குரல்கள் கேட்டாலோ, கண்மூடிச் செய்யும் பயிற்சியை உடனே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். நீண்ட நேரத் தியானம் எல்லோருக்கும் ஒத்துவராது. பத்து நாள் மௌன முகாமுக்கு முதல் பயிற்சியாகப் போவதை நான் ஆதரிப்பதில்லை.

ஒளி தெரிந்தால் தெரியட்டும். அதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் எழுதாமல் இருந்தால் சரி.

யோகா இந்து மதம் சார்ந்ததா? ஓம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பிறந்த இடம் இந்திய ஆன்மிக மரபுகள். அதை மறைக்க வேண்டியதில்லை. பதஞ்சலி இறைவனைப் பற்றிப் பேசுகிறார், ஆனால் எந்தக் கடவுளின் பெயரையும் சொல்வதில்லை. சமண, பௌத்த மரபுகளிலும் யோகப் பயிற்சிகள் உண்டு. என் வகுப்பில் ஓம் சொல்கிறவர்கள் சொல்வார்கள், மற்றவர்கள் 'ம்' என்று வண்டு போல ரீங்காரம் செய்வார்கள். வெளிமூச்சு நீள்வதுதான் எனக்கு வேண்டியது. தங்கள் ஜெபத்தையோ திக்ரையோ மனதுக்குள் சொல்லி மூச்சோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

யூடியூப் பார்த்துச் செய்தால் போதாதா?

ஓரளவு பழகியவருக்குப் போதும். புதியவருக்குச் சிக்கல் என்னவென்றால், நீங்கள் வீடியோவைப் பார்க்கிறீர்கள், வீடியோ உங்களைப் பார்ப்பதில்லை. மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள் என்று அது சொல்லாது. முதல் சில மாதங்களாவது ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் உடம்பு எவ்வளவு வளைகிறது என்று பார்க்காதீர்கள். உங்களுக்கு என்ன நோய், என்ன மருந்து என்று முதல் நாள் கேட்கிறாரா என்று பாருங்கள். தொட்டுத் திருத்தும் முன் அனுமதி கேட்கிறாரா, "வலிக்கிறது" என்றால் நிறுத்தச் சொல்கிறாரா, மருத்துவமே தேவையில்லை என்று பேசாமல் இருக்கிறாரா, மெதுவாக வருபவரைக் கேலி செய்யாமல் இருக்கிறாரா என்றும் பாருங்கள். கட்டணம் அதிகமென்றால் பாடம் ஆழம் என்று அர்த்தமில்லை.

மேட் வாங்க வேண்டுமா?

கட்டாயமில்லை. உட்காரவும் படுக்கவும் மடித்த ஜமுக்காளம் போதும். கோரைப் பாய் டைல்ஸ் தரையில் வழுக்கும், நின்று செய்யும் ஆசனங்களை வெறும் தரையில் செய்யுங்கள். பாய் என்றதும் ஒரு தகவல்: கோரைப் பாய்க்குப் பேர்போன பத்தமடையில்தான் 1887இல் சிவானந்தர் பிறந்தார். மலேயாவில் மருத்துவராக இருந்துவிட்டு ரிஷிகேசம் போய் 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கியவர்.

எனக்குள் வளர்ச்சி ஏற்பட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

நீங்களே முடிவு செய்ய வேண்டாம், வீட்டில் கேளுங்கள். "அப்பா முன்ன மாதிரி கத்துறதில்ல" என்று பிள்ளை சொன்னால் அது அளவுகோல். உங்களுக்கு வேறு சில தடயங்கள் கிடைக்கும். சண்டை வரும், ஆனால் மூன்று நாள் நீண்ட மௌனம் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். பதில் மெசேஜ் காரமாக எழுதிவிட்டு, அனுப்பாமல் அழிப்பீர்கள். படுத்ததும் தூக்கம் வரும்.

போலி வளர்ச்சியும் உண்டு, அதுதான் ஆபத்து. யோகா செய்கிறேன் என்ற பெருமை, டீ குடிப்பவரைப் பார்த்து ஒரு இளக்காரம், வெங்காயம் பூண்டு சாப்பிடுபவருக்கு உபதேசம், சான்றிதழ் மேல் சான்றிதழ். தேவைக்குமேல் சேர்க்காமை என்ற இயமம் சான்றிதழுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

பலமுறை தொடங்கி விட்டுவிட்டேன். சோம்பேறி நான்.

யோக சூத்திரம் எழுதியவருக்கு உங்களைத் தெரியும். ஒன்பது தடைகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறார்: நோய், மந்தம், சந்தேகம், கவனமின்மை, சோம்பல், ஆசையை விட முடியாமை, தவறான புரிதல், நிலை எட்டாமை, எட்டியது நிற்காமை. சோம்பல் ஐந்தாவதுதான். பலரை நிறுத்துவது கடைசி இரண்டும். நாலு மாதம் செய்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்றோ, போன மாதம் நன்றாக இருந்தது, இப்போது பழையபடி ஆகிவிட்டதே என்றோ விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே பாதையில் வரும் ஊர்கள் என்று தெரிந்தால் வண்டியைத் திருப்ப மாட்டீர்கள்.

விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். அதைவிடக் குறைவாகத் தொடங்குங்கள். ஐந்து நிமிட மூச்சு, ஐந்து நிமிடம் சவாசனம். பல் துலக்கியதும் என்று ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தோடு சேர்த்துவிடுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம்.

கணவரையும் பிள்ளைகளையும் செய்ய வைப்பது எப்படி?

வைக்காதீர்கள். ஆறு மணிக்குப் போர்வையை இழுத்து யோகா செய்யச் சொன்னால் அந்த வீட்டில் முதலில் போவது அமைதிதான். நீங்கள் ஹாலில் ஒரு மூலையில் செய்யுங்கள், கதவைச் சாத்த வேண்டாம். சின்னப் பிள்ளைகள் தாமாகவே வந்து பக்கத்தில் காலை நீட்டும், முதுகில் ஏறும், சிரிக்கும். ஏறட்டும். கணவர் பேப்பர் படித்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பார். அவருக்கு முதுகுவலி வரும்போது தானாகக் கேட்பார்.